மாமாவுக்குப் பச்சைக் கொடி

என் மாமனாரை யாரும் அதட்டி நான் பார்த்ததில்லை. 34 வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று அவர் பச்சைக் கொடி காட்டினால்தான் முன்னால் இருக்கிற டிரைவர் வண்டியை எடுக்க முடியும். 2022-ல் அந்தப் பதவிக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். ரிட்டயராகிப் பத்து வருஷம் ஆனவருக்கு அதனால் என்ன? ஆனாலும் கோபம். "மேனேஜர்னா பாங்க்ல உக்கார்றவன், மாப்ளே. நான் கார்டு!"

வீட்டிலும் அதே ரூல்தான். மாமா தலையசைக்காமல் அத்தை குக்கரை அடுப்பில் ஏற்ற மாட்டார். எனக்குப் பெண் கொடுக்க அவர் சிக்னல் போடுவதற்கு எட்டு மாசம் ஆயிற்று. அதுவரை அவுட்டரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அப்பேர்ப்பட்ட மனுஷரைப் பார்த்து, இருபத்தைந்து வயசு நிரம்பியிருக்குமா என்று சந்தேகப்படும்படியான ஒரு பெண், "தாத்தா, நாக்கை நீட்டுங்க பார்ப்போம்" என்றாள். மாமா நீட்டினார். வாயில் வென்டிலேட்டர் குழாய் இருந்ததால் கொஞ்சம்தான் நீட்ட முடிந்தது.

அந்தக் கதைதான் இந்த வாரம். சிரிக்கிற இடமும் உண்டு. நான் அசடு வழிகிற இடம் அதைவிட அதிகம்.

*

2023 நவம்பர் மழையில் மாமாவுக்கு இருமல் வந்தது. கஷாயம் குடித்தார். ஜுரம் வந்தது. இன்னும் கொஞ்சம் கஷாயம் குடித்தார். நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "நிமோனியா. ரெண்டு பக்கமும் இருக்கு, வலது பக்கம் மோசம். வென்டிலேட்டர்ல போடணும், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். ராத்திரி இரண்டு மணி. எந்தப் பக்கத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று இன்றைக்கு வரை தெரியாது. பி.காம். படித்தவன், படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே டாகுமென்ட் அது.

'வென்டிலேட்டர்' என்ற வார்த்தைக்கு நம் ஜனங்களிடம் ஒரே அர்த்தம்தான். காலையில் சேலத்துச் சித்தப்பா போன் பண்ணினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப எடுக்கறாங்க?" என்றார்.

"எதை சித்தப்பா?"

இரண்டு நிமிஷம் மௌனம். "அதான்ப்பா... வென்டிலேட்டரை" என்று சமாளித்தார்.

உண்மையில் அந்த மெஷின் சாகிறவர்களுக்காக வந்ததில்லை. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ கொள்ளைநோயாக வந்தது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டம் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள். உடம்பை உள்ளே வைத்து மூடும் இரும்புப் பெட்டி அப்போது உண்டு. ஆனால் அத்தனை பேருக்கு ஏது பெட்டி? பியோர்ன் இப்சன் என்கிற மயக்க மருந்து டாக்டர், 12 வயசுப் பெண் ஒருத்திக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். அந்தப் பெண் பிழைத்தாள். அதன் பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு மாசக்கணக்கில் பையை அமுக்கினார்கள். அந்த மாணவர்களின் கை செய்த வேலையைத்தான் இப்போது மெஷின் செய்கிறது. நாம் மூச்சு விடும்போது காற்றை உறிஞ்சுகிறோம். மெஷின் உள்ளே தள்ளுகிறது. நுரையீரல் தேறுகிற வரைக்கும் தள்ளிக்கொடுக்கிற ஆள். அவ்வளவுதான்.

இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா தூங்குகிறார், தூங்கட்டும் என்பது மட்டும்.

*

இரண்டாம் நாளே அந்தப் பெண் வந்துவிட்டாள். பிசியோதெரபிஸ்ட். எல்லோரும் 'பிசியோ' என்றே கூப்பிட்டார்கள். மாமா மயக்க மருந்தில் இருந்தார். இவள் அவருடைய முழங்காலை மடக்கி நீட்டினாள், கணுக்காலை மேலே தள்ளினாள், தோளைச் சுழற்றினாள். சிஸ்டரோடு சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மோசமான வலது பக்கம் மேலே, சுமாரான இடது பக்கம் கீழே. கீழ்ப்பக்கத்துக்கு ரத்தம் அதிகம் ஓடும், அங்கேதான் காற்றும் நன்றாகப் போகவேண்டும் என்பது கணக்கு. அப்புறம் விலாவில் கையை வைத்து மூச்சு வெளியே வரும்போது அதிர அதிர அழுத்தினாள். சளி நகர்ந்து வந்ததும் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்தார்கள்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற அத்தைக்கு இது எதுவும் புரியவில்லை. "அடிக்கிறாளா?" என்றார்.

"இல்லத்தே, தட்டறாங்க."

"எதுக்குத் தட்டணும்? அவர் யாரை என்ன பண்ணினார்?"

நாலாம் நாள்தான் வினை. மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். மாமா கண்ணைத் திறந்து திறந்து மூடினார். பத்து நிமிஷம் பார்க்க அனுமதித்த நேரத்தில் பிசியோ வந்தாள்.

"சார், இன்னைக்குத் தாத்தாவை உட்கார வைக்கலாம்னு இருக்கோம்."

"எங்க?"

"கட்டில் ஓரத்துல. காலைத் தொங்கப் போட்டு."

"வாயில குழாயோடயா?"

"ஆமா சார். குழாயோடதான்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ தெரியாது. வீட்டில் கேஸ் சிலிண்டர்காரரிடம்கூட நான் உரக்கப் பேசினதில்லை. "ஏம்மா, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? சாகப் பிழைக்கக் கிடக்கற மனுஷனுக்கு எக்ஸர்சைஸா? குழாய் புடுங்கிக்கிட்டா நீ பொறுப்பா? அவரைத் தொடக் கூடாது!" பக்கத்துப் பெட் நோயாளியே கண் விழித்துப் பார்த்தார். அவர் மூன்று நாளாகக் கண் விழிக்காதவர் என்று அப்புறம் சொன்னார்கள். (அந்த வகையில் யாருக்கோ உபகாரம்.)

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சார், டாக்டர்கிட்ட பேசிக்குங்க" என்று கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கும் மறுநாளும் உட்கார வைப்பது நின்றது. நான் வெளியே வந்து மனைவியிடம், "ஒரு வார்த்தை கேட்டேன், கப்சிப்" என்றேன். அவள், "நல்ல வேளைங்க, நீங்க இருந்தீங்க" என்றாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் தப்பான விஷயத்துக்கு.

*

ஆறாம் நாள் காலை பெரிய டாக்டர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னை மாமா பக்கத்தில் நிற்க வைத்து, "உங்க விரலை அவர் உள்ளங்கையில வைங்க. பிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

"மாமா, என் விரலைப் பிடிங்க."

மாமா புரிந்துகொண்டார். கண் என்னையே பார்த்தது. விரல்கள் லேசாக அசைந்தன, மூடவில்லை. மழையிலும் காற்றிலும் 34 வருஷம் கொடி பிடித்த கை அது. கல்யாணத்தன்று தாரை வார்த்தபோது என் கையை நொறுங்குகிற மாதிரி பிடித்த கை.

"ரெண்டு கை, ரெண்டு கால்ல மொத்தம் 12 தசைக் கூட்டம் பார்ப்போம். ஒண்ணுக்கு 5 மார்க், மொத்தம் 60. 48-க்குக் கீழ போனா ஐ.சி.யு. பலவீனம்னு பேர். உங்க மாமாவுக்கு இன்னைக்கு 30" என்றார் டாக்டர். "நிமோனியா குறையுது. ஆனா உடம்பு கரையுது."

அப்புறம் அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்ததையும் என் பாஷையில் சொல்கிறேன். வணிகவியல் பாஷை. மன்னிக்கவும்.

ஃபாக்டரியில் ஒரு மெஷின் இருக்கிறது. ஓடினாலும் தேய்மானம், சும்மா கிடந்தாலும் தேய்மானம். வருமான வரிச் சட்டத்தில் பொதுவான மெஷின்களுக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். மனுஷனுக்கு என்ன ரேட் தெரியுமா? தீவிர சிகிச்சையில் இருந்த 63 பேருக்கு முன்தொடைத் தசையை இங்கிலாந்தில் ஸ்கேன் வைத்து அளந்தார்கள். முடிவு 2013-ல் வெளியானது. பத்தே நாளில் தசையின் பருமன் 17.7 சதவீதம் காலி! வருஷத்துக்கு இல்லை சார், பத்து நாளைக்கு. எந்த ஆடிட்டரும் இந்த ரேட்டை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நோயினால்தானே கரைகிறது என்பீர்கள். நோயும் ஒரு காரணம்தான். படுக்கை தனியாக ஒரு காரணம். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் நோய்நொடி இல்லாத 20 வயசு இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவே வைத்துப் பார்த்தார்கள். 30 வருஷம் கழித்து, அவர்களுக்கு 50 வயசான பிறகு, அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். உடல் உழைப்புத் திறனை 30 வருஷ வயசு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கும்போது மனைவி இதைப் படித்துவிடக் கூடாதே என்பது என் பிரார்த்தனை.

மெஷின் மூச்சைத் தள்ளிக்கொடுப்பதால் இன்னொரு சங்கடம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை. பிறந்த நாளிலிருந்து லீவே போடாத ஊழியர். வென்டிலேட்டர் வந்ததும் அவருக்கு வேலை இல்லை. மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்த 14 பேரிடம் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். 18-லிருந்து 69 மணி நேரம் வரை முழுக்க மெஷின் மூச்சில் இருந்ததற்கே அந்தத் தசையின் நார்கள் பாதிக்கும் மேல் இளைத்திருந்தன. மெஷினை எடுக்கிற அன்றைக்கு மூச்சு இழுக்க வேண்டியவர் இவர்தானே? இவரே இப்படி இருந்தால்?

ஆகவே, தூங்கட்டும், பாவம், தொந்தரவு பண்ணாதீர்கள் என்று நான் போட்ட சத்தம் இருக்கிறதே... டாக்டர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

அன்றைக்கே மாமாவை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் நிற்க எனக்கும் அனுமதி. 'வாயைத் திறக்கக் கூடாது' என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை மாமாவுக்கும் இருந்தது, அவருக்குக் குழாய்.

நான் நினைத்தது போல 'ஏய், எந்திரி' என்று தூக்கி வைக்கிற வேலை இல்லை அது. பிசியோவிடம் ஒரு பட்டியல் இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு! 2014-ல் 23 நிபுணர்கள் கூடிப் பேசி, வென்டிலேட்டரில் இருப்பவரை எப்போது அசைக்கலாம், எப்போது கூடாது என்று ட்ராஃபிக் விளக்கு மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்களாம். மெஷின் கொடுக்கிற காற்றில் ஆக்ஸிஜன் 60 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். விரலில் மாட்டிய கிளிப் 90-க்குக் குறையாமல் காட்டவேண்டும். மூச்சு நிமிஷத்துக்கு 30-க்கு மேல் போகக் கூடாது. மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் மெஷின் பிடித்துவைக்கிற அழுத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் பச்சை. கொஞ்சம் அப்படி இப்படி என்றால் மஞ்சள். டாக்டரோடு உட்கார்ந்து லாப நஷ்டம் பேசித்தான் முடிவு. ரத்தப்போக்கு நிற்காதவர், மண்டைக்குள் அழுத்தம் ஏறினவர், முதுகெலும்பு முறிந்து இன்னும் நிலைப்படுத்தாதவர் போன்றவர்களைக் கட்டிலை விட்டு இறக்குவது சிவப்பு. வாயில் குழாய் இருப்பது எதில் வருகிறது என்று கேட்டேன். "அது மட்டும்னா பச்சைதான் சார்" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

"நம்ம ஆளு பாஷைலயே பேசறாங்க மாமா" என்று காதில் சொன்னேன். நிபந்தனையை மீறினேன்தான்.

முதலில் ஐந்து கேள்வி. கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க. நாக்கை நீட்டுங்க. தலையை ஆட்டுங்க. நான் அஞ்சு எண்ணினதும் புருவத்தைத் தூக்குங்க. ஐந்தும் செய்தால் ஆள் விழிப்பாக இருக்கிறார், சொன்னதைக் கேட்பார் என்று அர்த்தம். மாமா நாக்கு நீட்டினது அப்போதுதான். புருவத்தை மட்டும் அவள் மூன்று எண்ணும்போதே தூக்கிவிட்டார். சர்வீஸில் வண்டி லேட் ஆனது அவருக்குப் பிடிக்காது.

பிறகு, ஐந்து பேர். ஒருத்தருக்கு ஒரே வேலை: குழாயைப் பிடித்துக்கொள்வது. பல்லருகே குழாயில் 22 என்று குறி. ஆரம்பிக்கும் முன்னே ஒரு தடவை சத்தமாகப் படித்தார்கள், முடிந்ததும் ஒரு தடவை. மெஷின் பைப் இழுபடாமல் இந்தப் பக்கம் தளர்த்தி, டிரிப்ஸ் ட்யூபை அந்தப் பக்கம் மாற்றி, யூரின் பேகைத் தூக்கி, மூக்குக் குழாயைச் சரிபார்த்து, கையால் அமுக்கும் ஆம்பு பேகைத் தலைமாட்டில் தயாராக வைத்து... கிளம்புவதற்கு முன்னே கார்டு பார்க்கிற வேலை எல்லாம்தான். பத்து நிமிஷம் அதற்கே ஆயிற்று. உட்கார்ந்தது இரண்டு நிமிஷம்.

தலை நிற்கவில்லை. பிசியோ தன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறியது. ஆக்ஸிஜன் 95-லிருந்து 92-க்கு வந்து அங்கேயே நின்றது. "88-க்குக் கீழ போனாலோ, மெஷினோட சண்டை போட்டு மூச்சு விட்டாலோ, அவரே வேண்டாம்னு கையைக் காட்டினாலோ படுக்க வச்சுடுவோம்" என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். மாமா கையைத்தான் காட்டினார். எல்லோரும் படுக்க வைக்கத் தயாரானார்கள். கை இன்னும் மேலே, முகத்துக்கு, கண்ணுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி கண்.

"கண்ணு வலிக்குதா தாத்தா?" இல்லை என்று தலை.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கண்ணாடி! ஆறு நாளாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா தூணா என்று தெரியாது. (இருந்தாலும் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை என்பார்.) அத்தையின் கைப்பையில் அது துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. "ஆஸ்பத்திரில தொலைச்சுடுவாங்கன்னு வச்சிருந்தேன்" என்றார் அத்தை. மாட்டிவிட்டோம். மாமா எங்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தார். நிதானமாக. டிக்கெட் செக் பண்ணுகிற மாதிரி.

*

ஐ.சி.யு.வில் மனசு குழம்பிப்போவது சகஜமாம். ராத்திரி எது, பகல் எது தெரியாது, கண்ணாடி கிடையாது, காது மெஷின் கிடையாது, மயக்க மருந்து. மாமாவுக்கு அந்தக் குழப்பம் ரயிலில் ஏறிக்கொண்டது. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் ஸ்டேஷன் மணி என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பார். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, அதனால் பேச்சு வராது. என் மனைவி எழுத்து அட்டை தயாரிக்க உட்கார்ந்தாள். இங்கிலீஷ்காரனுக்கு 26 எழுத்து, ஒரு அட்டையில் முடிந்தது. நமக்கு 247! ஒரு காலண்டர் முழுக்க எழுதினாள். 'தண்ணி' என்று சொல்வதற்குள் மாமாவுக்கு தாகமே போய்விடும். கடைசியில் படம் போட்ட அட்டைதான் கை கொடுத்தது: தண்ணி, வலி, புரட்டிப் போடு, குளிர், அத்தை. அத்தை படத்தை அவர் ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று அத்தைக்கு இன்னும் மனத்தாங்கல்.

தினமும் உட்கார ஆரம்பித்த பிறகு குழப்பம் மெதுவாகத் தெளிந்தது. உட்கார்ந்ததால்தானா, கண்ணாடியாலா, மருந்தைக் குறைத்ததாலா என்று ஒருத்தர் கதையை வைத்துச் சொல்லக் கூடாது. அதற்குத்தான் ஆராய்ச்சி. சிகாகோவிலும் அயோவாவிலும் 104 நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் குழாய் போட்டு ஒன்றரை நாளிலேயே, மயக்கத்தைத் தினமும் தெளிவித்து உடற்பயிற்சி. இன்னொன்றுக்கு வழக்கம் போல, சுமார் ஒரு வாரம் கழித்து. 2009-ல் முடிவு வந்தது. வீடு திரும்பும்போது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் முதல் கூட்டத்தில் 59 சதவீதம், இரண்டாவதில் 35. மனக்குழப்பம் நீடித்தது இரண்டு நாள், அங்கே நாலு நாள். 498 தடவை பயிற்சி கொடுத்ததில் பெரிய ஆபத்து என்று ஒன்றே ஒன்று. அதற்கு முன்னே 2007-ல், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 103 பேரை உட்கார, எழ, நடக்க வைத்த 1,449 சந்தர்ப்பங்களைக் கணக்கெடுத்தார்கள். மூச்சுக்குழாய் ஒரு தடவைகூடப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நான் அத்தனை உரக்கக் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் இருந்திருக்கிறது.

இதைப் படித்ததும் நான் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். புதுசாக மதம் மாறினவன் மாதிரி. "இன்னும் பத்து நிமிஷம் உட்கார வைக்கலாமே? நாளைக்கு நடக்க வைக்கலாமே?" என்று பிசியோவை நச்சரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க முன்னாடியே பரவாயில்ல சார்" என்றாள். அப்புறம் விளக்கினாள். 2022-ல் ஆறு நாடுகளில் 750 பேரை வைத்து ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்திருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கிற பயிற்சியைவிட இன்னும் அதிகமாக, இன்னும் சீக்கிரமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 180 நாளில் உயிரோடு, ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்த நாட்கள் கிட்டத்தட்ட அதேதான்: 143-க்கு 145. ஆனால் நாடித்துடிப்பு தாறுமாறாவது, ஆக்ஸிஜன் குறைவது போன்ற தொந்தரவுகள் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 ஆகக் கூடியிருந்தன. சும்மா போட்டுவைக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது. தினமும் காலையில் புதுசாக அந்த நோயாளியைப் பார்த்து, புதுசாக விளக்கைப் பார்த்துத்தான் முடிவு. இடையில் ஒரு நாள் மாமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி மருந்து ஏற்றினபோது, பிசியோ வந்தாள், மானிட்டரைப் பார்த்தாள், கணுக்காலை மட்டும் அசைத்துவிட்டு, "இன்னைக்கு இவ்ளோதான் தாத்தா" என்று போய்விட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு.

*

பன்னிரண்டாம் நாள் வாய்க் குழாயை எடுத்துத் தொண்டையில் துளை போட்டார்கள். அத்தை அழுதார். மாமாவுக்கு என்னவோ அது சௌகரியமாக இருந்தது. பதினைந்தாம் நாள், சக்கரம் வைத்த வென்டிலேட்டரை ஒருத்தர் தள்ள, நாற்காலியை ஒருத்தர் பின்னாலேயே இழுத்து வர, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆறடி நடந்தார். ரயில் வேலையில் இருந்தவருக்கு ஆறடி என்பது ஒரு ஸ்லீப்பர் கட்டை தூரம்கூட இல்லை. கண்ணாடிக்கு வெளியே நாங்கள் நாலு பேரும், சம்பந்தமே இல்லாத இன்னும் ஏழெட்டு அட்டெண்டர்களும் கை தட்டினோம். செக்யூரிட்டி வந்து அதட்டினார்.

பதினெட்டாம் நாள் மெஷின் போயிற்று. இருபத்தேழாம் நாள் வீடு. 60-க்கு 45 மார்க். 48 வரவில்லை. நான் நிறுத்திவைத்த இரண்டு நாள் இருந்திருந்தால் வந்திருக்குமா? தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், "அப்படிக் கணக்குப் போட முடியாது" என்றார். கணக்கு படித்தவனிடம் அப்படிச் சொல்லலாமா? நான் ராத்திரிகளில் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பில்லைச் சொல்லாமல் விட்டால் பி.காம்.முக்கு அவமானம். பதினோரு பக்கம். உட்கார்ந்து டிக் அடித்துக்கொண்டே வந்தேன். படுக்கை, மெஷின், மருந்து, டெஸ்ட் என்று தொகைகள் அணிவகுத்தன. பிசியோ எங்கே என்று தேடினால், ஒன்பதாம் பக்கத்தில், ஒரு மூலையில். மொத்த பிசியோ சார்ஜைவிடக் கையுறைக்கு ஆன செலவு அதிகம். மாமாவை எழுப்பி உட்கார வைத்தது பில்லில் இப்படி ஒரு ஓரத்தில்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால் (வரவேண்டாம்), வெளியே நின்று நகம் கடிக்கிற நேரத்தில், இன்றைக்கு மயக்க மருந்தைக் குறைத்தார்களா, பிசியோ பார்த்தாரா, அசைக்கலாம் என்றால் என்ன செய்தார், கூடாது என்றால் ஏன் கூடாது என்று கேளுங்கள். கேட்கிற குரல் முக்கியம். என் குரல் வேண்டாம். கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் கைப்பையிலிருந்து எடுத்துச் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று நோயாளிக்குச் சொல்லுங்கள். குழாய், பைப் எதையும் நீங்களாகத் தொடாதீர்கள், நீங்களாகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஐந்து பேர் செய்கிற வேலை அது.

*

மூன்று மாசம் கழித்து ரெவ்யூவுக்குப் போனோம். மாமா கைத்தடியோடு, மெதுவாக. மாடிப்படி மட்டும் இன்னும் ஏறவில்லை. என் கையில் அத்தை செய்த அதிரசம் ஒரு டப்பா. மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை அரக்கோணத்திலிருந்தே கோர்த்துக்கொண்டு வந்தேன்.

பிசியோ மாமாவைப் பார்த்ததும், "அட, கார்டு தாத்தா!" என்றாள். என்னைப் பார்த்து, யாரையோ பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"வந்தும்மா... அன்னிக்கு அவ்ளோ சத்தம் போட்டது நான்தான். தப்பு என் மேல..."

"எந்த பெட் சார்?"

"ஒன்பது."

"ஒன்பதுல அடிக்கடி யாராவது சத்தம் போடுவாங்க சார்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். மாமா பக்கம் திரும்பினாள். "தாத்தா, நாற்காலியில கையை ஊனாம எழுந்திருங்க பார்ப்போம்."

மாமாவின் கை பழக்கத்தில் நாற்காலிக் கைப்பிடிக்குப் போயிற்று. "கை வேணாம்." நான் பிடிக்கப் போனேன். "சார், நீங்க தள்ளி நில்லுங்க."

நின்றேன். மாமா முன்னால் குனிந்தார். தொடை நடுங்கியது. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி. அவள் எண்ணினாள். நாலாவது முறை உட்கார்ந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், போதும் என்று.

"போன தடவை எத்தனை தாத்தா?"

"ரெண்டு" என்றார் மாமா. குரல் இன்னும் கரகரப்புதான்.

நோட்டில் 4 என்று எழுதிக்கொண்டாள். "அடுத்த மாசம் ஆறு" என்றாள்.

"பார்க்கலாம்" என்றார் மாமா. அவர் எனக்கு எட்டு மாசம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே வார்த்தைதான்.